கையெழுத்துப் போடும் நேரத்தில் அறையை விட்டுப் போனவர்

2023 ஜனவரியில் அதானி குழுமத்தைப் பற்றி ஓர் அமெரிக்க நிறுவனம் அறிக்கை வெளியிட்டபோது, பல வாரங்களுக்குத் தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் 'ஹிண்டன்பர்க்' என்ற பெயர் அடிபட்டது. அந்த நிறுவனம் அந்தப் பெயரை ஓர் ஆகாயக் கப்பலிலிருந்து எடுத்துக்கொண்டது. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் விமானத் தளத்தில் 36 உயிர்களைப் பலிவாங்கி எரிந்து விழுந்த ஜெர்மானிய ஆகாயக் கப்பல் அது. அந்தக் கப்பலுக்குத் தன் பெயரைக் கொடுத்த மனிதர் யார் என்று அந்த நாட்களில் கேட்டவர்கள் மிகக் குறைவு. பள்ளிப் பாடப்புத்தகங்களில் அவருக்குக் கிடைப்பது ஒரே வரி: '1933இல் ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலராக (தலைமை அமைச்சராக) நியமித்தார்.' அந்த வரியைப் படிக்கும் மாணவர், வயோதிகத்தில் தள்ளாடிய ஒரு கிழவரை யாரோ ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. பால் வான் ஹிண்டன்பர்கின் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசி வரை தொடர்ந்து படித்தால் அந்தக் கையெழுத்து ஒரு விபத்தாகத் தெரியாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் இருந்து, ஓய்வுபெற்று, பின் நாட்டின் தலைவராக ஒன்பது ஆண்டுகள் வீற்றிருந்த அந்த மனிதர், தன் பெயரில் ஒரு கறையும் படியாமல் பார்த்துக்கொள்வதையே தன் உண்மையான பணியாகக் கொண்டிருந்தார். பெருமை வந்தபோது முன்னால் நின்றார். பழி வரும் என்று தெரிந்தபோது வேறொருவரை முன்னால் தள்ளினார். அதற்கு ஒரு தேசம் கொடுத்த விலையை நாம் அறிவோம்.

1847 அக்டோபர் 2 அன்று போஸன் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ஊர். இன்று போலந்தின் போஸ்னான். தந்தை ராணுவ அதிகாரி, தாய் ராணுவ மருத்துவர் ஒருவரின் மகள். பதினோரு வயதில் கேடட் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான கோனிக்ரேட்ஸ் போரில் ஒரு குண்டு அவருடைய தலைக்கவசத்தைத் துளைத்து மண்டையை உரசிக்கொண்டு போனது. இளம் அதிகாரி உயிர் பிழைத்தார். 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மானியப் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டபோது, தன் படைப்பிரிவின் பிரதிநிதியாக அங்கே நின்றார். அதே மண்டபத்தில் 1919இல் ஜெர்மனி தோல்விப் பத்திரத்தில் கையெழுத்திட்டது. ஒரே ஆயுளில் இரண்டையும் கண்ட தலைமுறை அது.

இடையில் இருந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலைமைப் பணியகம், படைப்பிரிவுகள், ஒழுங்கான பதவி உயர்வு, 1911இல் 63 வயதில் ஓய்வு. ஹானோவர் நகரில் மனைவி கெர்ட்ரூடுடன் அமைதியாகக் குடியிருந்தார். வரலாறு அத்துடன் விட்டிருந்தால், பிரஷ்ய ராணுவப் பட்டியல்களில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஜெனரல்களில் ஒருவராக அவர் மறைந்திருப்பார்.

1914 ஆகஸ்டில் ரஷ்யப் படைகள் இரண்டு திசைகளில் கிழக்கு பிரஷ்யாவுக்குள் நுழைந்தன. அங்கிருந்த எட்டாம் படையின் தளபதி ப்ரிட்விட்ஸ் கலங்கிப்போய், விஸ்டுலா ஆற்றுக்குப் பின்னால் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார். அவரை நீக்கினார்கள். புதிய தலைமைப் பணி அதிகாரியாக, பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கியிருந்த எரிக் லூடன்டார்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். லூடன்டார்ஃப் திறமைசாலி, ஆனால் பதற்றக்காரர், பதவியிலும் இளையவர். அவருக்கு மேலே உட்கார, அசையாத நரம்பு கொண்ட மூத்தவர் ஒருவர் தேவைப்பட்டார். ஹானோவருக்குத் தந்தி பறந்தது: உடனே பணிக்கு வர முடியுமா? 'தயார்' என்று பதில் போயிற்று. 23ஆம் தேதி விடிவதற்கு முன் ஹானோவர் ரயில் நிலையத்தில் தனி ரயில் ஒன்று வந்து நின்றது. புதிய சாம்பல் நிறச் சீருடை கையில் இல்லாததால், அமைதிக்காலத்தின் பழைய நீலச் சீருடையில் காத்திருந்த முதியவர் அதில் ஏறிக்கொண்டார். லூடன்டார்ஃபும் அவரும் சந்தித்துக்கொண்டது அன்றுதான்.

ஒரு வாரத்தில் டானென்பெர்க் போர் முடிந்தது. ரஷ்யாவின் இரண்டாம் படை சுற்றி வளைக்கப்பட்டது. ஏறத்தாழ 92,000 பேர் கைதானார்கள். ரஷ்யத் தளபதி சாம்சோனவ் காட்டுக்குள் போய்த் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். இந்த வெற்றிக்கான படை நகர்வுகளில் முக்கியமானவற்றை, புதிய தலைமை வந்து சேருமுன்பே மாக்ஸ் ஹோஃப்மன் என்ற அதிகாரி தொடங்கிவைத்திருந்தார். ரஷ்யர்கள் தங்கள் உத்தரவுகளைச் சங்கேத மொழி இல்லாமல் வானொலியில் அனுப்பிக்கொண்டிருந்தது மற்றொரு உதவி. பின்னாளில் போர்க்களத்தைப் பார்க்க வந்தவர்களிடம் ஹோஃப்மன், 'போருக்கு முன் தளபதி தூங்கிய இடம் இது. போருக்குப் பின் தூங்கிய இடம் இது. போர் நடந்தபோது தூங்கிய இடமும் இதுதான்' என்று காட்டியதாக ஒரு கதை உண்டு. அதில் கொஞ்சம் பொறாமை இருக்கலாம். நெருக்கடியில் நிதானமாக இருப்பதும் ஒரு தளபதியின் திறமைதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பெயர் வைத்ததைக் கவனியுங்கள். சண்டை நடந்தது அல்லென்ஸ்டைன் நகரத்தைச் சுற்றியுள்ள பரந்த நிலத்தில். அதற்கு டானென்பெர்க் என்று பெயர் சூட்டினார்கள். 1410இல் போலந்து-லித்துவேனியப் படைகளிடம் ஜெர்மானியரான டியூட்டானிக் வீரமடத்தார் படுதோல்வி அடைந்த இடம் அது. ஐந்நூறு ஆண்டு அவமானத்தைத் துடைத்தவர் என்ற பட்டம் அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்தது. தன்னைப் பற்றிய கதை எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதில் ஹிண்டன்பர்க் தொடக்கத்திலிருந்தே கண்ணும் கருத்துமாக இருந்தார். ஓவியர்களுக்கு நேரம் ஒதுக்கினார், உட்கார்ந்து கொடுத்தார், எப்படி வரைய வேண்டும் என்று அபிப்பிராயமும் சொன்னார்.

1915 செப்டம்பரில் பெர்லினின் நடுவில் ஒரு மரச்சிலையை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். இரு கைகளையும் வாளின் மேல் ஊன்றி நிற்கும் ஹிண்டன்பர்க். சிலையைச் சுற்றிச் சாரம் கட்டப்பட்டிருந்தது. மக்கள் காசு கொடுத்து ஆணி வாங்கி, படியேறி, சுத்தியலால் அந்த மர உடம்பில் அறைந்துவிட்டு இறங்குவார்கள். இரும்பு ஆணி ஒரு மார்க். தங்க முலாம் பூசியது நூறு மார்க். பணம் போர் நிவாரண நிதிக்குப் போனது. மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு வந்த தாய், பள்ளிக் குழந்தைகள், அலுவலக ஊழியர்கள் என்று வரிசையில் நின்று அறைந்த ஆணிகளால் மரம் மெல்ல மெல்ல இரும்புத் தோல் போர்த்துக்கொண்டது. இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஒரு மனிதரின் மேல் ஒரு சமூகம் இவ்வளவு நம்பிக்கையை ஏற்றிவைத்த பிறகு, அவரிடம் கணக்குக் கேட்கும் துணிவு அதற்கு எங்கிருந்து வரும்?

1916 ஆகஸ்ட் இறுதியில் ஜெர்மானியப் படைகளின் முழுப் பொறுப்பும் ஹிண்டன்பர்க்-லூடன்டார்ஃப் இணையிடம் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாட்டை ஆண்டது பேரரசரான கைசர் அல்ல, இவர்கள்தான். ஆயுத உற்பத்திக்கு 'ஹிண்டன்பர்க் திட்டம்', ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுக்கும் சட்டம், 1917 பிப்ரவரி 1 முதல் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர், அதன் விளைவாக ஏப்ரலில் அமெரிக்கா போரில் நுழைந்தது, தங்களுக்கு ஒத்துவராத சான்சலர் பெத்மன் ஹோல்வெக்கை ராஜினாமா மிரட்டல் விடுத்தே வீட்டுக்கு அனுப்பியது: எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது. 1918 மார்ச்சில் மேற்கே தொடங்கிய கடைசிப் பெருந்தாக்குதலும் அவர்களுடையதே. அது கோடைக்குள் உடைந்தது. செப்டம்பர் 29 அன்று, உடனே சண்டை நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று கைசரிடம் சொன்னவர்கள் இதே இருவர். தோற்றுவிட்டோம் என்று முதலில் அறிந்ததும் அறிவித்ததும் ராணுவத் தலைமை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது, பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில் அவர் விட்டுப் போன அந்த அறைகளுக்கு வருகிறேன்.

முதல் அறை பெல்ஜியத்தின் ஸ்பா நகரில், 1918 நவம்பர் 9. படைகள் இனி கைசரின் பின்னால் நிற்காது, அவர் விலகியாக வேண்டும் என்பது தலைமையகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் சொல்வது? பிரஷ்ய அதிகாரியான தன்னால் தன் அரசரிடம் அதைச் சொல்ல முடியாது என்று ஹிண்டன்பர்க் ஒதுங்கிக்கொண்டார். லூடன்டார்ஃபின் இடத்துக்கு வந்திருந்த வில்ஹெல்ம் க்ரோனர்தான் சொன்னார். க்ரோனர் தெற்கே வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்தவர், எளிய குடும்பத்திலிருந்து வந்தவர். முடியாட்சி விசுவாசிகள் அதன்பின் ஆண்டுக்கணக்கில் வசைபாடியது க்ரோனரை.

இரண்டாவது, காம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டி. சண்டை நிறுத்தப் பத்திரத்தில் கையெழுத்திட ஒரு ராணுவத் தளபதி போயிருக்க வேண்டும். உலக வழக்கம் அதுதான். தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனது மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். நிபந்தனைகள் மிகக் கடுமையாக இருந்தன. அவற்றைத் தளர்த்த முடியாவிட்டாலும் ஒப்பந்தத்தை முடித்துவிட வேண்டும் என்று ஹிண்டன்பர்கிடமிருந்து தந்தி வந்தது. நவம்பர் 11 அன்று எர்ட்ஸ்பெர்கர் கையெழுத்திட்டார். 1921 ஆகஸ்டில் கருங்காட்டுப் பகுதியில் நடைபயணம் போய்க்கொண்டிருந்த அவரை, முன்னாள் அதிகாரிகள் இருவர் சுட்டுக் கொன்றார்கள். நாட்டை விற்றவர் என்பது அவர்கள் சாட்டிய குற்றம். அந்தத் தந்தியை அனுப்பியவர் மீது ஒரு சொல்லும் விழவில்லை.

மூன்றாவது அறை கோல்பெர்க் தலைமையகத்தில், 1919 ஜூன். வெர்சாய் சமாதான உடன்படிக்கையின் நிபந்தனைகளை ஏற்காவிட்டால் நேச நாடுகள் மீண்டும் படையெடுக்கும். எதிர்த்து நிற்க முடியுமா என்று தெரிந்துகொள்ள, குடியரசுத் தலைவர் எபெர்ட் தொலைபேசியில் அழைக்கிறார். மேற்கே வெற்றிக்கு வாய்ப்பில்லை என்று ஹிண்டன்பர்க் முன்பே எழுதிக்கொடுத்திருந்தார். ஆனால் அதோடு சேர்த்து, இழிவான சமாதானத்தைவிட மானமுள்ள வீழ்ச்சியையே ஒரு படைவீரன் விரும்புவான் என்றும் எழுதியிருந்தார். இப்போது நேரடியாக 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும். அழைப்பு வரும் வேளையில் அவர் அறையை விட்டு வெளியே போய்விட்டார். கையெழுத்திடுவதைத் தவிர வழியில்லை என்று எபெர்ட்டிடம் சொன்னது மறுபடியும் க்ரோனர்.

ஒருமுறை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். எட்டு மாதங்களுக்குள் மூன்று முறை நடந்தால் அதைக் குணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக என்னைக் கோபப்படுத்துவது 1919 நவம்பர் 18. தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் ஹிண்டன்பர்க் சாட்சி சொல்ல வந்தார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதை விட்டு, முன்பே தயாரித்த அறிக்கையை வாசித்தார். குழுத் தலைவர் குறுக்கிட்டபோதும் நிறுத்தவில்லை. ஜெர்மானியப் படை முதுகில் குத்தப்பட்டது என்று ஓர் ஆங்கிலேயத் தளபதி சரியாகவே சொன்னார் என்றார். அப்படிச் சொன்னவராகக் கருதப்பட்ட ஃப்ரெடரிக் மாரிஸ் அதை மறுத்தார்; யார் காதிலும் அது விழவில்லை. படை தோற்கவில்லை, உள்நாட்டு அரசியல்வாதிகள் துரோகம் செய்தார்கள் என்ற பொய்க்கு அன்று அதிகார முத்திரை விழுந்தது. சண்டை நிறுத்தம் கேட்டது தானேதான் என்று அறிந்த மனிதர், சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு சொன்ன பொய் அது. அடுத்த பதினான்கு ஆண்டுகளில் யூதர்கள் மீதும் சமூக ஜனநாயகவாதிகள் மீதும் எறியப்பட்ட ஒவ்வொரு கல்லிலும் அந்தச் சாட்சியத்தின் பங்கு உண்டு. ஹிட்லரின் மேடைகளில் அந்தக் கதை ஓயாமல் ஒலித்தது. அதை அவர் உருவாக்கவில்லை. நாட்டின் மிக மரியாதைக்குரிய வாய் அதை அவருக்குத் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தது.

1925 பிப்ரவரியில் எபெர்ட் இறந்தார். வாக்களித்துக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வலதுசாரிகள் 77 வயது ஹிண்டன்பர்கின் கதவைத் தட்டினார்கள். குடியரசின் மேல் சிறிதும் பற்றில்லாத அவர், நெதர்லாந்தில் அஞ்ஞாதவாசம் இருந்த கைசரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 26 அன்று அவருக்கு 48.3 சதவீதம், குடியரசுக் கட்சிகளின் பொது வேட்பாளர் வில்ஹெல்ம் மார்க்ஸுக்கு 45.3, கம்யூனிஸ்ட் வேட்பாளர் எர்ன்ஸ்ட் தெல்மானுக்கு 6.4. தெல்மான் விலகியிருந்தால், பவேரியாவின் கத்தோலிக்கக் கட்சி தன் மதத்தவரான மார்க்ஸுக்கு ஆதரவளித்திருந்தால், என்ற இரண்டு 'இருந்தால்'களும் இன்றுவரை வரலாற்று மாணவர்களை விட்டு அகலவில்லை.

அந்தத் தேர்தல் நேரத்தில் ஹானோவரில் வாழ்ந்த தியோடோர் லெஸ்ஸிங் என்ற தத்துவ ஆசிரியர், ப்ராக் நகரச் செய்தித்தாளில் ஹிண்டன்பர்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நீரோவைவிடப் பூஜ்யம் மேல் என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஒரு பூஜ்யத்தின் பின்னால் எப்போதும் ஒரு வருங்கால நீரோ மறைந்திருப்பதையே வரலாறு காட்டுகிறது என்று முடித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு: மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வகுப்பறைக்கு வந்து கூச்சலிட்டார்கள், கற்பிக்கும் பணி பறிபோனது, யூதர் என்ற வசை வேறு. 1933 ஆகஸ்ட் இறுதியில், செக்கோஸ்லோவாகியாவின் மரியன்பாட் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த அவரை, ஜன்னல் வழியாகச் சுட்டு நாஜிகள் கொன்றார்கள். டானென்பெர்க் வெற்றியைப் பற்றிய நூல்களுக்குக் கணக்கில்லை. லெஸ்ஸிங்கின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

முதல் ஐந்து ஆண்டுகள் ஹிண்டன்பர்க் அரசியல் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தார் என்பதை மறைக்கக் கூடாது. அவரை வைத்து முடியாட்சியைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். எடுத்த உறுதிமொழி அவருக்கு முக்கியம். 1927இல் 80ஆவது பிறந்தநாளுக்குத் தொழிலதிபர்களும் நிலப்பிரபுக்களும் பணம் திரட்டி, கைவிட்டுப் போயிருந்த நாய்டெக் குடும்பப் பண்ணையை அவருக்குப் பரிசாக வாங்கிக்கொடுத்தார்கள். பிற்காலத்து வாரிசு வரியைத் தவிர்க்க, பத்திரம் மகன் ஆஸ்காரின் பெயரில் பதியப்பட்டது. நாட்டின் தலைவர் இப்போது கிழக்கு பிரஷ்ய நிலப்பிரபுக்களின் பக்கத்து வீட்டுக்காரர். அவர்களுடைய குறைகள் சாப்பாட்டு மேசையிலேயே அவர் காதில் விழ ஆரம்பித்தன.

1930இல் வேலையின்மை பெருகி, கூட்டணி அரசு உடைந்தபோது, நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாமலே ஆட்சி நடத்த ஹைன்ரிஹ் ப்ரூனிங்கைச் சான்சலராக்கினார். கருவி அரசியல் சட்டத்தின் 48ஆவது பிரிவு: நெருக்கடியில் குடியரசுத் தலைவர் தன் கையெழுத்தாலேயே சட்டம் பிறப்பிக்கலாம், அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். 1930இல் ஐந்து அவசர ஆணைகள், 1931இல் 44, 1932இல் அதைவிடவும் அதிகம். அந்த ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்து மட்டுமே. மக்களாட்சியின் மூச்சு ஹிட்லர் வருவதற்கு முன்பே, அதுவும் சட்டப்படியே, அடங்கிவிட்டிருந்தது.

இந்த இடத்தில் இந்திய வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நெருக்கடி நிலையின்போது அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை நம் அரசியல் சட்டம் வைமார் ஜெர்மனியிலிருந்து, அதாவது ஹிண்டன்பர்க் தலைவராக இருந்த அந்தக் குடியரசிலிருந்து, எடுத்துக்கொண்டது என்று போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் இதே வைமார் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, ஹிட்லர் பயன்படுத்திக்கொண்ட பிரிவுகள் இவைதான் என்று எச்சரித்தார். 1975 ஜூன் 25 இரவில் ஒரு குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதை நாமும் பார்த்தோம்.

1932இல் மீண்டும் தேர்தல். 84 வயது. இம்முறை எதிரில் நின்றவர் ஹிட்லர். ஹிட்லரைத் தடுக்க வேறு ஆள் இல்லை என்பதால், 1925இல் அவரை எதிர்த்த சமூக ஜனநாயகவாதிகளும் கத்தோலிக்கர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கே வாக்களித்தார்கள். ஏப்ரல் 10 அன்று ஹிண்டன்பர்க் 53 சதவீதம், ஹிட்லர் 36.8. ஊர் ஊராக அலைந்து பிரசாரம் செய்து அந்த வெற்றியைத் தேடித்தந்தவர் ப்ரூனிங். சரியாக ஐம்பதாம் நாள், மே 30 அன்று, ஹிண்டன்பர்க் அவரைப் பதவியிலிருந்து அகற்றினார். திவாலான கிழக்குப் பண்ணைகளை அரசு எடுத்து நிலமற்றவர்களைக் குடியேற்றும் திட்டத்துக்கு நிலப்பிரபுக்கள் எழுப்பிய எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்னும் சிறுமையானது: தன்னை இடதுசாரிகளின் வாக்கில் ஜெயிக்கவைத்தார் என்ற ஆத்திரம். நம்பி வாக்களித்த கோடிக்கணக்கான மக்களை அவர் அவமானமாக நினைத்தார்.

பின்பு சான்சலரானவர் ஃப்ரான்ஸ் வான் பாப்பன், அவருக்குப் பின் ஷ்லைஷர். ஹிட்லரைப் பற்றி ஹிண்டன்பர்க் என்ன நினைத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. 'போஹிமியக் கார்ப்பரல்' என்று இளக்காரமாகப் பேசுவார். 1932 ஆகஸ்ட் 13 அன்று முழு அதிகாரமும் கேட்டு வந்த ஹிட்லரிடம், ஒரே கட்சியிடம் அரசை ஒப்படைப்பதற்குக் கடவுளுக்கும் மனசாட்சிக்கும் தாய்நாட்டுக்கும் தன்னால் பதில் சொல்ல முடியாது என்று மறுத்தார். நவம்பர் 24 அன்று அவருடைய அலுவலகம் ஹிட்லருக்கு அனுப்பிய கடிதம் இன்னும் தெளிவானது: ஹிட்லர் தலைமையிலான அத்தகைய அரசு கட்சிச் சர்வாதிகாரமாகவே மாறும் என்று குடியரசுத் தலைவர் அஞ்சுகிறார். எழுத்தில் இருக்கிறது. அறியாமல் செய்தார், ஏமாற்றப்பட்டார் என்று வாதிடுவோர் இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும்.

அந்தக் கடிதத்துக்கும் ஜனவரி 30க்கும் இடையே 67 நாட்கள். அந்த நாட்களில் பாப்பன், தன் இடத்துக்கு வந்த ஷ்லைஷரைப் பழிவாங்கும் எண்ணத்தோடு ஹிட்லரிடம் பேரம் பேசினார். மகன் ஆஸ்காரும் செயலாளர் மைஸ்னரும் மனம் மாறினார்கள். கிழக்குப் பண்ணைகளுக்குப் போன அரசு உதவியில் நடந்த முறைகேடுகளை நாடாளுமன்றக் குழு கிளற ஆரம்பித்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் ஹிண்டன்பர்கை அசைத்த வாதம் வேறு என்று நினைக்கிறேன். ஷ்லைஷர் கேட்டது, நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலைத் தள்ளிவைக்கும் ஆணை. அது அரசியல் சட்ட மீறல், பொறுப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டவர் தலையில். பாப்பன் கொண்டுவந்ததோ, பெரும்பான்மைக்கு வழியுள்ள அரசு. இனி அவசர ஆணைகளில் நாள்தோறும் தன் பெயரை எழுதும் பாரம் முதியவருக்கு இருக்காது. ஸ்பாவில் க்ரோனர், காம்பியேனில் எர்ட்ஸ்பெர்கர். இப்போது பொறுப்பை இறக்கிவைக்க ஹிட்லர். அமைச்சரவையில் நாஜிகள் மூவர்தான், இரண்டு மாதத்தில் ஹிட்லரை மூலையில் தள்ளி நசுக்கிவிடுவோம் என்று பாப்பன் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஜனவரி 30 முற்பகலில் ஹிட்லர் பதவியேற்றார்.

ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், பிப்ரவரி 28 அன்று, ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட ஆணை தனிமனிதச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, கடிதங்களின் அந்தரங்கம் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. 1945 வரை அது திரும்பப் பெறப்படவே இல்லை.

மார்ச் 21 அன்று போட்ஸ்டாமில் எடுத்த புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹிண்டன்பர்க் கூர்முனைத் தலைக்கவசமும் மார்பு நிறையப் பதக்கங்களுமாகப் பழைய பேரரசின் மார்ஷல் உடையில் நிமிர்ந்து நிற்கிறார். எதிரே கறுப்புக் கோட்டில் ஹிட்லர், தலை வெறுமையாக, இடுப்பை வளைத்து, கை கொடுக்கிறார். பெரியவர் முன் பணிந்து நிற்கும் பிள்ளையைப் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அமைத்த காட்சி. அந்தக் கைக்குலுக்கலைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்த அதிகாரிகளும் ஆசிரியர்களும் பாதிரியார்களும் மனம் தெளிந்தார்கள்: கிழவரே ஏற்றுக்கொண்டுவிட்டார், இனி என்ன? மறுநாள் டாக்காவ் வதைமுகாம் திறக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தையெல்லாம் ஹிட்லரிடம் எழுதிக்கொடுத்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகவாதிகள் 94 பேர் மட்டுமே. இனிச் சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து தேவையில்லை.

அதிகாரமே இல்லாத பொம்மையாகிவிட்டார், பாவம் என்பார்கள். ஏப்ரல் 4 அன்று அவர் ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் அந்தப் பரிதாபமும் நிற்காது. போரில் காயம்பட்ட யூத நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் வேலையிலிருந்து துரத்தப்படுவது தன்னால் தாங்க முடியாதது. ஜெர்மனிக்காகப் போரிடவும் ரத்தம் சிந்தவும் தகுதி பெற்றவர்கள் தங்கள் தொழிலில் தொடரவும் தகுதி பெற்றவர்களே என்று எழுதினார். மூன்றே நாளில் வந்த அரசுப் பணியாளர் சட்டத்தில் போர்முனை வீரர்களுக்கு விலக்கு சேர்க்கப்பட்டது. அவர் இறந்தபின் 1935இல் அந்த விலக்கும் போயிற்று. அதாவது, 1933 ஏப்ரலில்கூட அவர் வாய் திறந்தால் ஹிட்லர் செவிசாய்க்க வேண்டியிருந்தது. துரத்தப்பட்டவர்களில் தன் சீருடையை அணிந்தவர்களுக்காக மட்டுமே அவர் வாய் திறந்தார். போருக்குப் போகாத யூதப் பெண் ஆசிரியைக்காக, சிறைக்குள் அடிபட்ட தொழிற்சங்கக்காரருக்காக, ஓராண்டுக்கு முன் தனக்கு வாக்களித்த அந்த மக்களுக்காக, ஒரு வரியும் எழுதவில்லை.

1934 ஜூன் 30 அன்று ஹிட்லர் தன் எதிரிகளை வேட்டையாடியபோது, முன்னாள் சான்சலர் ஷ்லைஷரும் அவர் மனைவியும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷ்லைஷர், ஹிண்டன்பர்கின் அதே காவல் படைப்பிரிவில் பணியாற்றியவர். இரண்டு நாள் கழித்து, துணிச்சலான நடவடிக்கைக்கு நன்றி தெரிவித்து ஹிண்டன்பர்க் பெயரில் ஹிட்லருக்குத் தந்தி போனது. அவர் அதை மறுக்கவில்லை. ஆகஸ்ட் 2 காலையில் நாய்டெக்கில், 86 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். குடியரசுத் தலைவர், சான்சலர் என்ற இரு பதவிகளையும் ஹிட்லரிடம் ஒன்றாக்கும் சட்டம் முந்தின நாளே தயார். அன்றே ராணுவம் ஹிட்லரின் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தது. ஹானோவரில் மனைவியின் அருகில் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஹிட்லர் மனைவியின் உடலையும் தோண்டி எடுத்துவந்து, டானென்பெர்க் நினைவகத்தில் இருவரையும் வைத்தார்.

1945 ஜனவரியில் சோவியத் படைகள் நெருங்கியபோது ஜெர்மானியர்களே அந்த நினைவகத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சவப்பெட்டிகளைக் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து ஏற்றிப்போன கப்பலின் பெயர் நமக்குப் பழகிய பெயர்: எம்டன். 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய கப்பல் அல்ல. அது அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்துபோனது. அதன் பெயரைத் தாங்கி 1925இல் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. துரிங்கியாவின் ஒரு சுரங்கத்துக்குள், பழைய பிரஷ்ய மன்னர் மகா ஃப்ரெடரிக்கின் சவப்பெட்டிக்கு அருகில் மறைத்துவைக்கப்பட்டிருந்த பெட்டிகளை அமெரிக்க வீரர்கள் கண்டெடுத்தார்கள். 1946இல் மார்பர்க் நகரின் எலிசபெத் தேவாலயத்தில் ஓசையில்லாமல் அடக்கம் செய்தார்கள்.

பெர்லின் நகரம் 1933 ஏப்ரல் 20 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளில், ஹிட்லருக்கும் ஹிண்டன்பர்குக்கும் ஒன்றாகவே கௌரவக் குடியுரிமை வழங்கியிருந்தது. ஹிட்லரின் பெயரை 1948இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஹிண்டன்பர்கின் பெயர் 2020 வரை அதிலேயே இருந்தது. அதை நீக்கும் விவாதத்தின்போதும், அவர் காலத்தின் கைதி, அவரை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்ற குரல்கள் எழுந்தன. அவரை அளக்க இன்றைய அளவுகோல் எதற்கு? 1932 நவம்பர் 24 அன்று அவர் பெயரில் போன கடிதமே போதும். ஜெர்மனியின் பல ஊர்களில் ஹிண்டன்பர்க் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பலகைகளைக் கழற்ற வேண்டும் என்று மன்றங்களில் வாதாடிக்கொண்டிருக்கும் அந்த ஊர்க்காரர்களின் பக்கம்தான் நான்.